தீவகம் கண்டு வந்தோம்

விடுமுறை வந்துவிட்டால் எம்மவருட் பலர் நுவரெலியாவின் குளிரையும் கொழும்பின் கடைத்தெருக்களையும் எண்ணிப் புறப்பட்டுவிடுகின்றனர். கண்ணுக்கெட்டிய தூரத்திற் கடலிற் கிடக்கும் தீவகத்தை நினைப்பவர் சிலரே. நாற்பது வயது கடக்கும்வரை நாமும் அப்பெருங்கூட்டத்தில் ஒருவராகவே இருந்தோம். வேலணையிற் பெண்ணெடுத்தவர் என்பதால் ஆண்டுக்கு இருமுறை பண்ணைப் பாலத்தைக் கடந்ததுண்டு. ஆனால் மாமியார் வீட்டு முற்றத்துக்கு அப்பால் மேற்கே ஓர் உலகம் உண்டு என்பதை நூல்களிலே படித்தோமேயன்றி நேரிற் கண்டோமில்லை.

சென்ற ஆவணி விடுமுறையில் அக்குறை தீர்ந்தது. ரொறன்ரோவில் வாழும் எம் மைத்துனர் பதினொரு ஆண்டுகளுக்குப் பின்னர் ஊர் வந்திருந்தார். அவரைக் காணும் சாக்கில் இல்லாளுடனும் மகள், மகன் இருவருடனும் வேலணைக்குச் சென்றோம். எம்மிடம் முன்னொரு காலத்திற் பயின்று, இப்போது தாமே ஓர் ஆசிரியராக விளங்கும் நெடுந்தீவு இளைஞர் ஒருவர், “சேர், எத்தனை வருசமாய் வாறன் வாறன் எண்டு சொல்லுறியள்? இந்த முறை விடமாட்டன்” என்று தொலைபேசியில் உரிமையோடு கடிந்துகொண்டார். மூன்று நாளில் தீவகத்தைச் சுற்றிவருவதெனத் திட்டம் வகுத்தோம். அது நான்கு நாளாக நீண்ட கதையைத்தான் இங்கே சொல்லப் புகுகின்றோம்.

ஒல்லாந்து போய் வந்த கதை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு, காரைநகர் எனத் தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. கணக்கிடும் முறைக்கேற்ப ஏழென்பாரும் எட்டென்பாரும் உளர். 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் தாயகத்து நகரங்களின் பெயர்களை இத்தீவுகளுக்குச் சூட்டினர். வேலணை லைடன் ஆயிற்று; காரைநகர் அம்ஸ்ரர்டாம் ஆயிற்று; புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்று பெயர் வைத்தனர். ஏனைய பெயர்கள் காலவெள்ளத்தில் மறைந்தொழிய, டெல்வ்ற் என்பது மட்டும் ஆங்கில வழக்கில் இன்றும் நின்று நிலவுகின்றது. இதைக் கேட்ட எம் மகன், “அப்ப நாங்கள் மூண்டு நாளிலை ஒல்லாந்து முழுக்கப் பார்த்திடலாம்” என்று குதித்தான்.

யாழ்ப்பாணக் கோட்டையைக் கடந்ததும் பண்ணைப் பாலம் தொடங்குகின்றது. இருமருங்கும் முழங்காலளவு ஆழமேயுள்ள பரவைக் கடல். அதில் நட்ட தடிகளிற் களங்கண்ணி வலைகள். வலைத்தடிகளின் நுனியிற் சிறகு விரித்து வெயில் காயும் நீர்க்காகங்கள். ஓவியன் தீட்ட விரும்பும் காட்சி அது.

முதல் நாள் மாலை சாட்டிக் கடற்கரையில் நீராடினோம். ஆழமற்ற, தெளிந்த நீர், வெண்மணல், குழந்தைகள் அச்சமின்றி இறங்கலாம். ஆனால் சாட்டியின் பெருமை உப்புநீரிலன்று, நன்னீரிலேயே உள்ளது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணற்பாங்கான நிலத்திலே கிணறுகள் உள. அவற்றின் நீர் இனிக்கின்றது! உவர்நீரே மலிந்த தீவகத்தில் இந்நீரை வண்டியேற்றிப் பிற ஊர்களுக்கும் கொண்டு செல்கின்றனர்.

கடலருகே நன்னீர் எப்படி நிற்கிறது என்று மகள் கேட்டாள். மாணவருக்குப் பயன்படும் என்பதால் அவ்விளக்கத்தை இங்கும் தருகின்றோம். மழைநீர் மணலிலும் சுண்ணக்கல்லிலும் ஊறிக் கீழிறங்குகின்றது. நிலத்தடியிற் கடல்நீரும் புகுந்து நிற்கின்றது. நன்னீர் கடல்நீரினும் இலேசானது. ஆதலால் அது உப்புநீரின்மேல் ஒரு வில்லையைப்போல மிதந்து நிற்கும். கைபன், ஹெர்ஸ்பேர்க் என்னும் ஐரோப்பிய அறிஞர் இருவர் கண்ட விதிப்படி, நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் உயர்ந்து நிற்குமாயின், கீழே ஏறக்குறைய 40 மீற்றர் ஆழத்துக்குத் தங்கும். தீவகமோ தாழ்ந்த நிலம். இங்கே நீர்மட்டம் கடலைவிடச் சில அங்குலமே உயர்ந்திருக்கும். ஆகவே வில்லையும் மெல்லியதே. ஒரு கிணற்றில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால், மேலே ஓரங்குலம் குறைய, கீழிருந்து உப்பு நாற்பது அங்குலம் ஏறிவரும். ஒருமுறை உவர்ந்த கிணறு பழைய இனிமையைப் பெறப் பல மாரி காத்திருக்க வேண்டும்.

இவ்விதியின் பொருளை அன்று நாம் நாவினாலே மட்டும் சொன்னோம். நெஞ்சினால் அறிந்தது மூன்றாம் நாளிலேயாம்.

யானைத் துறை

மறுநாட் காலை ஊர்காவற்றுறைக்குச் சென்றோம். ஒரு காலத்தில் வன்னிக் காடுகளிற் பிடித்த யானைகளைக் கப்பலேற்றிய துறை இது. போர்த்துக்கேயர் இதனை யானைத்துறை என்னும் பொருள்பட அழைத்த பெயரே திரிந்து ‘கயிற்ஸ்’ என ஆயிற்று என்பர். தமிழாராய்ச்சியை உலகறியச் செய்த தனிநாயகம் அடிகளார் 1913இல் பிறந்த கரம்பொன் இவ்வூருக்கு அயலிலேயே உள்ளது. 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கூட்டிய பெரியார் ஓடியாடிய மண் இதுவெனப் பிள்ளைகளுக்குச் சொன்னோம்.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட நீரிணையை மோட்டார்ப் பூட்டிய மிதவை ஒன்றிலேறிக் கடக்கின்றனர். இதனை இங்குள்ளோர் ‘பாதை’ என்றே வழங்குவர். கடலின் மேலே ஓடும் பாதை! பெயர் வைத்தவர் கவியுள்ளம் படைத்தவராதல் வேண்டும். நீரிணையின் நடுவே கடற்கோட்டை தெரிகின்றது. போர்த்துக்கேயர் கட்டிய அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் ‘ஹம்மன்ஹீல்’ என்றனர். இலங்கைத்தீவு அவர்கள் கண்ணுக்குப் பன்றித்தொடை போலத் தோன்றியதாம்; அதன் குதிக்கால் இவ்விடமாம். 1658ஆம் ஆண்டு முற்றுகையிலே காவற்படை பணிந்தது குடிநீர் அற்றுப்போனமையாலேயே என்று அக்கால ஒல்லாந்தக் குறிப்புக் கூறுகின்றது. சுற்றிலும் நீர், குடிக்கத் துளியில்லை! 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது சிறைக்கூடமாகவும் இருந்த அக்கோட்டையை இப்பொழுது கடற்படையினர் விடுதியாக நடத்துகின்றனர். பீரங்கி வைத்த இடத்திலிருந்து விருந்தினர் தேநீர் அருந்துகின்றனர்.

நாகமும் அமுதசுரபியும்

வேலணையிலிருந்து புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை சேரவேண்டும். வழியிற் கண்ட புங்குடுதீவைப் பற்றிச் சொல்லாமற் செல்ல மனம் ஒப்பவில்லை. கல்லாற் கட்டிய பெரிய வீடுகள், கூரையின்றி நிற்கின்றன. உள்ளே ஆலும் வேம்பும் வளர்ந்து சாளரம் வழியே கிளை நீட்டுகின்றன. 1990, 1991ஆம் ஆண்டுகளின் போர் நடவடிக்கைகளால் இடம்பெயர்ந்த மக்களிற் பெரும்பாலோர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் கொழும்பிலும் வேரூன்றிவிட்டனர். இவ்வெறுமையைத்தான் இவ்வூர்க் கவிஞர் சு. வில்வரத்தினம் ‘காற்றுவழிக் கிராமம்’ என்னும் நூலில் பாடினார். இவ்வூரிலேயே 1971இல், கோயிற் கிணற்றில் எல்லாச் சாதியாரும் நீர் அள்ளும் உரிமை வேண்டிச் சத்தியாக்கிரகஞ் செய்தார் எழுத்தாளர் மு. தளையசிங்கம். ஈராண்டிற்குள் அவர் மறைந்தார். தீவகத்தில் ஒரு குடம் நீர் வெறும் நீரன்று என்பதை அவர் வரலாறு காட்டும்.

குறிகட்டுவானிலிருந்து கால்மணி நேரப் படகுப் பயணத்தில் நயினாதீவை அடைந்தோம். தொலைவிலேயே நாகபூசணி அம்மன் கோபுரம் கைகூப்ப வைக்கின்றது. அம்மனைப் பூசிக்க மலரேந்திக் கடலில் வந்த நாகத்தைக் கருடன் துரத்தியதாம். அவ்வழியே கப்பலிற் சென்ற வணிகன் ஒருவன் இரங்கி நாகத்தைக் காத்தானாம். ஐதிகம் இவ்வாறு கூற, பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என்றிரண்டைக் கடலிற் காட்டுவர். போர்த்துக்கேயர் இடித்த ஆலயம் 1788இல் மீண்டும் எழுந்தது. ஆனித் திருவிழாவின்போது படகுகள் இடைவிடாது ஓடும்.

ஆலயத்திலுள்ள ஒரு கல்வெட்டு எம்மை மிகவும் கவர்ந்தது. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு பொறித்தது. ஆனால் மொழியோ தமிழ்! பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்திறங்க வேண்டும், அவர்களைக் காக்க வேண்டும் என்று மன்னன் ஆணையிடுகின்றான். யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலிலொன்று பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கேற்றிய கலம் உடைந்தாற் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு. உடைந்த கப்பல் கரையிலுள்ளோர்க்குக் கொள்ளை என்றிருந்த காலத்தில், இடருற்றுக் கரையேறியவனுக்கும் உரிமை உண்டென்று எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த கல் அது.

ஆலயத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் நாகதீப விகாரை. மணியாசனத்துக்காகப் பொருத நாக மன்னர் மகோதரனையும் சூளோதரனையும் புத்தர்பெருமான் அமைதிப்படுத்திய இடம் இதுவென மகாவம்சத்தை ஆதாரமாகக் கொண்டு பௌத்தர் போற்றுவர். நாகநாட்டு அரசர் இருவர் பீடிகைக்காகப் போரிட்ட செய்தி எம் மணிமேகலைக் காப்பியத்திலும் வருகின்றது. மணிமேகலை அமுதசுரபி பெற்ற மணிபல்லவம் இத்தீவே என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். அதன் நினைவாகவே போலும், இங்குள்ள அன்னதான மண்டபம் அமுதசுரபி என்னும் பெயர் பூண்டுள்ளது. காலியிலிருந்து வந்த சிங்களக் குடும்பமொன்று எமக்கருகே அமர்ந்து சோறும் பருப்பும் உண்டது. மொழி புரியாவிடினும், அப்பளத்தை நீட்டினால் யாவருக்கும் புரிகின்றது.

நெடுந்தீவு

மூன்றாம் நாள் நெடுந்தீவுப் பயணம். சோளகக் காற்று வீசும் காலம். வைகாசி தொடங்கிப் புரட்டாசிவரை இக்கடல் முரடானது. குறிகட்டுவானிலிருந்து ஒரு மணி நேரம் படகு ஏறியும் இறங்கியும் சென்றது. இல்லாள் கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் ஓதினாள். மகன் மட்டும் ஒவ்வோர் அலைக்கும் ஆரவாரித்தான்.

மாவிலித்துறையில் மாணவர் காத்து நின்றார். இதே கடல்வழியில், 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் திகதி, குமுதினி என்னும் பயணிகள் படகு இடைமறிக்கப்பட்டது. பெண்கள், குழந்தைகள் உட்படப் பலர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். கொன்றவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியோர் சாட்சி கூறினர். ஆண்டுதோறும் அந்நாளில் தீவு மக்கள் கூடி நினைவு கூருகின்றனர். “எங்கடை ஊரிலை படகு எண்டால் வாகனம் இல்லை சேர், அது உயிர்” என்று மாணவர் மெல்லிய குரலிற் சொன்னார். அச்சொல்லின் முழுப்பொருள் மாலையில்தான் எமக்கு விளங்கவிருந்தது.

லான்ட்மாஸ்டர் வண்டியில் தீவைச் சுற்றினோம். ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இத்தீவில் முதலிற் கண்ணைக் கவர்வன கல்வேலிகள். சாந்து சிறிதுமின்றி, முருகைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மதில்கள்! காற்று இடைவெளிகளால் நுழைந்து செல்வதால் எத்தகைய புயலிலும் விழுவதில்லை என்றார் வண்டி ஓட்டுநர். ஒல்லாந்தர் கோட்டை என வழங்கும் இடிபாடும் அதே கல்லாலானது. தூதுப் புறாக்களை வளர்த்ததாகச் சொல்லப்படும் புறாக்கூடு இன்றும் நிற்கின்றது. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்கமரம் ஒன்று உண்டு. அதன் அடிமரப் பொந்தினுள் எம் குடும்பம் முழுவதும் நின்றது. அராபிய வணிகர் கொண்டுவந்த விதையாகலாம் என்பர்.

தீவின் தென்பாகத்தில் மட்டக்குதிரைகளைக் கண்டோம். ஐரோப்பியர் ஆட்சியில், சிறப்பாக ஆங்கில அதிகாரி நோலன் என்பவர் காலத்தில், இங்கே குதிரை வளர்ப்பு நிகழ்ந்தது. அவர்கள் போயினர், குதிரைகள் காட்டுக் குதிரைகளாயின. சோளகத்தின் வறட்சியிலே புல் கருகிக் கிடந்தது. வற்றிய குட்டையொன்றின் சேற்றைச் சுற்றி நின்ற குதிரைகளின் விலா எலும்பை எண்ணலாம். கோடை கடுமையானால் சில மடிந்தும் போகின்றன. படம் எடுப்பதற்காக ஓடிய மகள், அருகே சென்றதும் தன் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தாள், குதிரையைப் பார்த்தாள், படம் எடுக்காமலே திரும்பினாள்.

இரண்டு குடங்கள்

நண்பகலில் மாணவர் வீட்டுக்குச் சென்றோம். வாயிலில் இரண்டு குடங்கள் இருந்தன. எம் மகன் ஓடிச்சென்று, மூடியிருந்த குடத்தைத் திறந்து, செம்பு செம்பாக மொண்டு காலையும் முகத்தையும் கழுவினான், தலையிலும் ஊற்றிக்கொண்டான். திண்ணையிலிருந்த ஆச்சி, “பரவாயில்லை, பிள்ளை குளிரட்டும். வெயில்தானே” என்று புன்னகைத்தார். ஒடியற்கூழும் மீன்குழம்புமாக விருந்து நடந்தது. உண்டு முடித்த வேளையில் மாணவரின் தங்கை, வெயிலென்றும் பாராமல், துவிச்சக்கரவண்டியில் இரு கலன்களைக் கட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

“எங்கை அக்கா போறியள்?” என்று மகள் கேட்டாள்.

“தண்ணிக்கு” என்று ஒரே சொல்லிற் கூறிவிட்டு அவள் போய்விட்டாள்.

அப்போதுதான் எமக்குப் புலப்பட்டது. மூடாத குடம் உவர்நீர், கால் கழுவுவதற்கு. மூடிய குடம் குடிநீர். வீடு முழுவதற்கும் அன்றைய நாளுக்கு. கைபனையும் ஹெர்ஸ்பேர்க்கையும் பிள்ளைகளுக்குக் கற்பித்த நாம், வாயிலிலிருந்த இரண்டு குடங்களின் வேறுபாட்டைக் கற்பிக்கத் தவறினோம். தவறு மகனுடையதன்று, எம்முடையது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது ஆச்சி, “விருந்தாளி வந்த வீட்டிலை தண்ணியைக் கணக்குப் பார்க்கிறதே, வாத்தியார்?” என்று தடுத்துவிட்டார். அப்பெருந்தன்மை எம்மை மேலும் நாணச் செய்தது.

நான்கு இடம்

மாலைப் படகில் ஏறினோம். அன்று இரவு எம் மைத்துனர் கொழும்புக்குப் புறப்படுகின்றார், மறுநாள் விமானம். தமையனுக்குத் தன் கையாற் சமைத்து வழியனுப்ப வேண்டுமென்று இல்லாள் காலையிலேயே வேண்டிய யாவும் வாங்கி வைத்துவிட்டுத்தான் வந்தாள். இன்னும் எத்தனை ஆண்டு கழித்துக் காண்பதோ! ஆதலால் வேளைக்கே வந்து நிழலான இடம் பார்த்து அமர்ந்திருந்தோம். படகு நிறைந்துவிட்டது. பெரும்பாலோர் எம்மைப் போன்ற சுற்றுலாக்காரர்.

படகு அவிழ்க்கும் வேளையில் இறங்குதுறையில் ஒரு பரபரப்பு. மூச்சுத்திணறும் முதியவர் ஒருவரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு செல்லுமாறு வைத்தியர் கடிதம் கொடுத்திருந்தார். மனைவியும் மகளும் உடன் வந்தனர். படகோட்டி உள்ளே எட்டிப்பார்த்தார்.

“ஒரு நோயாளியைக் கொண்டு வருகினம். அவர் படுக்க வேணும். கணக்குக்கு மேலை ஏத்தேலாது, கடலும் சரியில்லை. நாலு பேர் இறங்கினால்தான் சரிவரும். ஆர் இறங்குறியள்?”

ஒருவரும் பேசவில்லை. சிலர் கடலைப் பார்த்தனர். சிலர் கைத்தொலைபேசியைப் பார்த்தனர். உண்மையைச் சொல்வதானால், நாமும் கடலைத்தான் பார்த்தோம். ‘இன்னும் யாராவது எழுவார்கள்’ என்று எம் மனம் கணக்கிட்டது. வழியனுப்ப இறங்குதுறையில் நின்ற மாணவரின் கண்கள் எம்மைத் தேடி வரவில்லை; அவர் வேறெங்கோ நோக்கினார். எமக்குச் சங்கடம் தரலாகாதென்ற அவருடைய மரியாதை அது.

“இறங்குவம், வாங்கோ” என்றாள் இல்லாள். முதலில் எழுந்தவளும் அவளே. மகனின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கரையில் கால் வைத்தபின்னரே நாம் எழுந்தோம்.

நாம் விட்ட பலகையில் முதியவரைக் கிடத்தினர். படகு போய்விட்டது. இல்லாள் இறங்குதுறையிலே நின்று தமையனுடன் தொலைபேசியிற் பேசினாள். “அண்ணா, நாளைக்குத்தான் வருவம். நீங்கள் வெளிக்கிடுங்கோ. மீன் கழுவி வைச்சிருக்கு, மச்சாளைக் கொண்டு சமைப்பியுங்கோ.” மறுமுனையில் அவர் என்ன சொன்னாரோ அறியோம். தொலைபேசியை மடியில் வைத்துவிட்டு நெடுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாம் ஒன்றும் பேசவில்லை.

அன்றிரவு ஆச்சியின் திண்ணையிற் படுத்தோம். மாலையில் எம் மகளும் மாணவரின் தங்கையுடன் தண்ணீருக்குச் சென்றுவந்தாள். ஒரு கலனைத் தானே தள்ளிவந்ததாகப் பெருமையோடு கூறினாள். மகன் ஒரு செம்பு நீரில் முகம், கை, கால் யாவும் கழுவிக் காட்டினான். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்குக் காற்றாலும் ஞாயிற்றொளியாலும் மின்சாரம் வழங்கும் திட்டம் பற்றி மாணவர் சொன்னார். 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கத் தீர்மானித்திருந்த அத்திட்டம், இந்தியா ஆட்சேபித்த பின்னர், 2022 மார்ச்சில் இந்திய உதவிக்குக் கைமாறியது. வல்லரசுகள் இத்தீவுகளின் காற்றுக்கும் வெயிலுக்கும் போட்டியிடுகின்றன. “நோயாளி போறதுக்குப் படுக்கை வைச்ச படகுக்கும் இப்பிடிப் போட்டி வந்தால் நல்லாயிருக்கும், சேர்” என்று கூறி அவர் சிரித்தார். சிரிக்க எமக்கு வாய் வரவில்லை.

மறுநாட் காலை இறங்குதுறையிற் காத்து நின்றோம். குறிகட்டுவானிலிருந்து வந்த படகிலிருந்து முதல்நாட் கண்ட மகள் விரைந்திறங்கினாள். தகப்பனாரின் உடுப்பு எடுக்க வந்தாளாம். “ஐயா வாட்டிலை இருக்கிறார். மூச்சு இப்ப கொஞ்சம் பரவாயில்லை. இன்னும் ஒண்டும் சொல்லேலாதாம்” என்று மாணவரிடம் சொல்லிவிட்டு ஓடினாள். அருகில் நின்ற எம்மை அவள் அடையாளங் காணவில்லை. அதுவும் நல்லதே என்றெண்ணினோம். எழுவதற்கு நாம் எடுத்துக்கொண்ட நேரத்தை அவள் அறியாதிருப்பது நன்று.

போய் வாருங்கள்

வாசகர்கள் தீவகத்துக்குப் போகவேண்டும் என்பதே எம் விருப்பம். வெறுமையடைந்த ஊர்களுக்கு வருவோர் தொகை பெருகினால், கடைவைத்திருப்போரும் வண்டியோட்டுவோரும் படகோட்டுவோரும் பிழைப்பர்; இளைஞர் சிலராவது ஊரிலே தங்குவர். ஆனால் தீவின் நன்னீர் வில்லை எத்துணை மெல்லியது என்பதை மறத்தலாகாது. விடுதிகளாற் செழித்த மாலைதீவிலும், 2014 டிசெம்பரில் தலைநகர் மாலேயின் கடல்நீரை நன்னீராக்கும் ஆலையிலே தீப்பற்றியபோது, நகரமே குடிநீரின்றித் தவித்தது. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் நீர் அனுப்ப நேர்ந்தது. செல்வமுள்ள தீவுக்கே அந்நிலையாயின் நெடுந்தீவுக்குச் சொல்ல வேண்டுமோ?

தை முதற் சித்திரைவரை கடல் அமைதியாக இருக்கும். மாரிக்குப் பின் நெடுந்தீவு பச்சைப் பசேலென்று காட்சி தரும். அக்காலத்தே செல்லுங்கள். குடிநீரை உங்களுடன் கொண்டு செல்லுங்கள். வெறும் போத்தல்களைத் திரும்பக் கொண்டு வாருங்கள். முருகைக்கல்லைப் பெயர்த்து நினைவுப்பொருளாக எடுக்காதீர்கள். எந்த வீட்டு வாயிலிலும் மூடியிருக்கும் குடத்தைக் கேளாது திறவாதீர்கள். படகில் ஊரவர் ஏறியபின் ஏறுங்கள். திரும்பும் நாளுக்கு மறுநாள் முக்கிய அலுவல் எதனையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

எம் இல்லாளின் தமையனார் ரொறன்ரோ போய்ச் சேர்ந்து தொலைபேசியிற் பேசினார். மீன்குழம்பு நன்றாக வாய்த்ததாம். அடுத்த முறை வரும்போது நெடுந்தீவுக்குத் தாமும் வருவதாகச் சொன்னார். “வாங்கோ அண்ணா. ஆனால் இரவு தங்கிறமாதிரி வாங்கோ” என்றாள் அவள்.